பாதி வேலையும் பச்சைப் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. வீட்டில் சின்னப் பிள்ளைகள், கூடவே தொடங்கி முடிக்காமல் கிடக்கும் வேலைகள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்களுடையது செங்காங்கில் நான்கறை வீடு. மகனுக்கு 4 வயது, மகளுக்கு ஒன்றரை. மகனுக்குத் தனி அறை தயார் செய்யலாம் என்று போன தீபாவளிக்கு முன்பே தொடங்கினோம். இரண்டு சுவருக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று, மற்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன. அலமாரிப் பலகைகள் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. இழுப்பறைப் பெட்டியைப் பொருத்தி முடித்தோம், சுவரோடு இணைக்கவில்லை. கணவருக்கு ஷிஃப்ட் வேலை. கேட்டால் "இந்த வாரம் முடிச்சிடறேன்" என்கிறார், வாரம் போய்விடுகிறது, எனக்குக் கோபம் வருகிறது, கடைசியில் சண்டைதான். அடுத்த மாதம் திருச்சியிலிருந்து மாமியார் வருகிறார். அதற்குள் எப்படி முடிப்பது?
(ஓர் அம்மா, செங்காங்)

பதில்: மாமியார் வருவதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டாம் அம்மா. ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பெயிண்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

சாய்ந்து நிற்கும் பலகைகளை இன்றிரவே எடுத்துக் கட்டிலுக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை எதையாவது பிடித்துத்தான் எழுந்து நிற்கும், பிடித்த பொருள் நிற்குமா சாயுமா என்பது அதற்குத் தெரியாது. இரண்டாவது, அந்த இழுப்பறைப் பெட்டி. அதைச் சுவரோடு இணைக்கும்வரை அந்த அறைக் கதவு மூடியே இருக்கட்டும். நான்கு வயதுப் பையன் கீழ் இழுப்பறையை வெளியே இழுத்து, அதன்மேல் கால் வைத்து, மேலே இருப்பதை எட்டப் பார்ப்பான். அவன் எடை முன்பக்கம் வந்ததும் பெட்டி அவன்மேலேயே கவிழும். 2016இல் அமெரிக்காவில் ஐக்கியா நிறுவனம் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றது இதனால்தான். பெட்டி சாய்ந்து சின்னக் குழந்தைகள் இறந்திருந்தார்கள். எந்தக் கடைப் பெட்டி என்பது இங்கே விஷயமே இல்லை, உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் எந்தப் பெட்டியும் இப்படிச் சாயும்.

பெட்டியோடு வந்த திருகாணிப் பையைத் தேடுங்கள், அதில் சுவரோடு இணைக்க ஒரு சின்ன உலோகத் துண்டோ பட்டையோ இருக்கும். பல வீடுகளில் அது பிரிக்காமலே கிடக்கிறது. துளை போடும் முன் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் கான்கிரீட், அதற்கு அடித்துத் துளைக்கும் வகை டிரில்லும் சுவருக்கான அலகும் (டிரில் முனை) வேண்டும், திருகாணியைப் பிடித்துக்கொள்ளச் சுவருக்குள் செருகும் பிளக் 6 மில்லிமீட்டர் என்றால் 6 மில்லிமீட்டர் அலகு. உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வந்தால் அது மெல்லிய தடுப்புச் சுவர், சாதாரண பிளக் அதில் பிடிக்காது, வேறு வகை வேண்டும். சுவரையும் பெட்டியையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய் புளோக் கீழே இருக்கும் ஹார்ட்வேர் கடையில் காட்டினால் சரியானதை எடுத்துக் கொடுப்பார்கள். சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே போடாதீர்கள், உள்ளே மின்கம்பி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.

கடிதத்தில் ஜன்னல் கம்பியைப் பற்றி ஒன்றும் காணோம். மகன் படுக்கப்போகும் அறையில் கம்பி போட்டிருக்கிறதா, அதன் பூட்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் மீதி இரண்டு சுவருக்கான பணத்தை அதற்குக் கொடுங்கள். கட்டிலும் ஏறி நிற்கக்கூடிய எந்தச் சாமானும் ஜன்னலுக்குக் கீழே வேண்டாம்.

சரி, இப்போது பெயிண்டுக்கு வருவோம். உங்கள் வீட்டு வேலை நின்றுபோனதற்குக் காரணம் கணவரின் சோம்பலும் இல்லை, உங்கள் நச்சரிப்பும் இல்லை. பெயிண்ட், அலமாரி, பெட்டி, கட்டில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டீர்கள். பிள்ளை இல்லாத வீட்டில் அது நடக்கும், ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்தால் முடிந்துவிடும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் முழு நாள் என்று ஒன்று கிடையாது. மதியம் சின்னது தூங்கும் ஒன்றரை மணி நேரம், இரவு இரண்டும் தூங்கியபின் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் கையில் இருக்கிறது. அந்த அளவுக்கு வேலையை நறுக்க வேண்டும். தொடங்குவதற்கு முன்பே "இன்றைக்கு எந்த இடத்தில் நிறுத்துவோம்" என்று முடிவு செய்யுங்கள். நிறுத்தும் இடத்தில் நிறுத்தியபின் அறையில் பிள்ளைகள் நடமாடலாம், கூர்மையான எதுவும் தரையில் இல்லை, எதுவும் சாயாது என்ற நிலை இருக்க வேண்டும். அப்படி நிறுத்திவிட்டால் அடுத்த பகுதி அடுத்த மாதம் நடந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

பெயிண்டுக்கு நிறுத்தும் இடம் ஒரு முழுச் சுவர். பாதிச் சுவரில் நிறுத்தினால் காய்ந்த ஓரத்தின்மேல் புதுப் பெயிண்ட் ஏறும்போது கோடு விழும், அது கடைசிவரை கண்ணை உறுத்தும். முதல் நாள் இரவு ஓரங்களில் டேப் ஒட்டித் தரையில் பழைய துணி விரித்துவிடுங்கள், அது சத்தமில்லாத வேலை. மறுநாள் பிள்ளை தூங்கும் நேரத்தில் முதல் பூச்சு. இடையில் பிள்ளை எழுந்துவிட்டால் ரோலரைக் கழுவ ஓடாதீர்கள், பெயிண்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றி வைத்தால் மறுநாள் வரை காயாது, அப்படியே எடுத்து அடிக்கலாம். பாதியில் எழுந்து ஓட வேண்டிய தாய்மாருக்கு இதைவிட உதவியான தந்திரம் எனக்குத் தெரியவில்லை. டின் மூடியில் ஒட்டியிருக்கும் நிற எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய டின் காய்ந்து போயிருந்தாலும் கடையில் அதே நிறத்தைக் கலந்து தருவார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில், அதுவும் ஆண்டுக் கடைசி மழையில், டின்னில் போட்டிருக்கும் நேரத்தைவிடக் காய்வதற்கு அதிக நேரம் ஆகும். காற்றாடியைப் போட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், அன்றிரவு பிள்ளைகள் அந்த அறையில் படுக்க வேண்டாம். வீட்டுக்குள் அடிக்கும் பெயிண்டில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வேதிப்பொருளின் அளவுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2026 ஜனவரி 1 முதல் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது, அதனால் பழைய டின்னை முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் பிள்ளை அறைக்குப் புதிதாக வாங்குவது நல்லது.

கணவர் விஷயம். "எப்போ முடிப்பீங்க?" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது, ஏனென்றால் அந்தக் கேள்விக்குள் பத்து வேலை இருக்கிறது. "சனிக்கிழமை 2 மணியிலிருந்து 4 மணி வரை ரெண்டு பேரையும் நான் கீழே விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிட்டுப் போறேன், நீங்க அந்தப் பெட்டியைச் சுவத்துல மாட்டிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் அவர் பிள்ளைகளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் சுவர் அடியுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே டிரில் பிடிப்பது மட்டும் கூடாது, இரண்டில் ஒன்று கெடும், கெடக் கூடாதது பிள்ளை. ஷிஃப்ட் வேலையில் ஒரு நல்லதும் உண்டு. அவருக்கு வாரநாளில் ஓய்வு வரும், பெரியவன் பாலர் பள்ளியில் இருப்பான், நான்கைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கும். ஆனால் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த அன்று ஏணியில் ஏறச் சொல்லாதீர்கள்.

மாமியார் வரும்போது அவர் படுக்கும் இடம் சுத்தமாக இருந்தால் போதும். "அத்தை, தம்பி அறை இன்னும் முடியலை, நீங்க இருக்கும்போது ஒரு சுவர் அடிச்சிடலாம்னு இருக்கோம், ரெண்டு மணி நேரம் பிள்ளைங்களைப் பாத்துக்கிறீங்களா" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நீங்களே சொல்லிவிட்டால் அது குறையாகத் தெரியாது. பேரப்பிள்ளைகளோடு இருக்கத்தானே அவ்வளவு தூரம் வருகிறார்.

கேள்வி: எங்கள் வீட்டு பாம் ஷெல்டரில் (அவசரக் காலத் தற்காப்பு அறை) குழந்தையின் பழைய துணி, பொம்மைகள் எல்லாம் மலைபோல் கிடக்கின்றன. சுவரில் துளை போட்டுத் தட்டு மாட்டலாமா? கதவைக் கழற்றிவிட்டு நழுவும் கதவு போடலாமா?
(பொங்கோல் வாசகி)

பதில்: கதவைத் தொடவே கூடாது. அது குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளுக்கு உட்பட்ட இடம், எஃகுக் கதவைக் கழற்றுவதோ மாற்றுவதோ சுவரை உடைப்பதோ சட்டப்படி முடியாது. காற்றுத் துளைகளின் மூடியையும் கழற்றக் கூடாது. சுவரில் சின்னத் திருகாணிகளுக்கு ஓரளவு அனுமதி உண்டு, ஆழத்துக்கும் அகலத்துக்கும் வரம்பு உண்டு. அந்த வம்பே வேண்டாம், தரையில் தானாக நிற்கும் கம்பித் தட்டு வாங்கி வையுங்கள், கனமானதைக் கீழ்த் தட்டில் அடுக்குங்கள். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அந்தக் கதவின் கனத்துக்குப் பிள்ளையின் விரல் நசுங்கிவிடும், உள்ளே போய் மாட்டிக்கொண்டால் திறக்கவும் வலு இருக்காது. வெளியே பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், கதவில் துளை போடாமல் ஒரு பூட்டு, சாமான் எடுக்கும்போது கதவுக்கு அடியில் ஒரு முட்டுக்கட்டை, இரண்டும் அவசியம்.

கேள்வி: ஈசூனில் மறுவிற்பனை வீடு வாங்கி, குத்தகையாளர் ஒருவரிடம் புதுப்பிப்பு வேலையைக் கொடுத்தோம். முக்கால்வாசிப் பணம் கொடுத்தாகிவிட்டது. சமையலறைக் கூரை வேலை பாதியில் நிற்கிறது, மின்கம்பிகள் தொங்குகின்றன, இரண்டு வயது மகளோடு அதற்குள்ளேயே குடியிருக்கிறோம். அவர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. என்ன செய்வது?
(ஒரு தகப்பன், ஈசூன்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் பதறியது தம்பி. பணத்தை அப்புறம் துரத்தலாம், கம்பியை இன்றே பாருங்கள். மின்பெட்டியில் அந்தப் பகுதிக்கான சுவிட்சை அணைத்து, யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை வரவழைத்து, கம்பி முனைகளை மூடிப் பாதுகாப்பாக விட்டுப் போகச் சொல்லுங்கள். கூரை வேலை முடிய வேண்டும் என்று அதற்குக் காத்திருக்க வேண்டாம். பழைய வீடு என்பதால் மின்பெட்டியில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள். 2025 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் அது கட்டாயம். கருவியில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் மின்சாரம் சட்டென்று துண்டிக்கப்பட வேண்டும், துண்டிக்கவில்லை என்றால் கருவி பழுது.

அடுத்தது காகிதம். ஒப்பந்தம், பணம் கொடுத்த ரசீதுகள், வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். வேலை நிற்கும் நிலையை அறை அறையாகத் தேதியோடு படம் எடுங்கள். பிறகு அவருக்கு எழுத்தில் ஒரு கடிதம்: எந்த வேலை பாக்கி, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் புகார் செய்வேன். திட்டி எழுத வேண்டாம், நாளைக்கு நடுவர் முன்னால் அந்தக் கடிதத்தைத்தான் காட்டப் போகிறீர்கள்.

பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கமான 'கேஸ்' அமைப்பிடம் போகலாம், அவர்கள் சமரசத்துக்கு முயல்வார்கள். அதுவும் நடக்காவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை அங்கே கொண்டு போகலாம், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும், அதனால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது, எதிர்த் தரப்புக்கும் அதே விதிதான், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை.

வேறு ஆள் வைத்து வேலையைத் தொடரும் முன் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். புதுப்பிப்பு அனுமதிக்குக் காலக்கெடு உண்டு, ஆள் மாறினால் அனுமதியும் புதிதாக வாங்க வேண்டியிருக்கலாம். அனுமதி தேவைப்படும் வேலையை வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளர்தான் செய்யலாம், பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் இணையத்தளத்திலேயே பார்த்துவிடலாம். புதியவருக்குப் பணம் கொடுக்கும்போது தேதி பார்த்துக் கொடுக்காதீர்கள், முடிந்த வேலையைப் பார்த்துக் கொடுங்கள். கூரை முடிந்ததா, அதற்கு இவ்வளவு. ஓடு பதித்தாயிற்றா, அதற்கு இவ்வளவு. கடைசித் தவணை கொஞ்சம் கனமாகவே உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளை இருக்கும் வீடு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்: தினமும் மாலை கருவிகளை எடுத்து வைத்து, கம்பி முனைகளை மூடி, குப்பையை அள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். நல்ல வேலைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கேள்வி: நான் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங் மோ கியோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். 5 வயதுப் பேரன் என் கருவிப் பெட்டியையே சுற்றி வருகிறான். சுவரில் ஒரு ஆணி அடித்தால்கூட "தாத்தா, நானும்" என்கிறான். மகள் "அப்பா, அவன்கிட்ட சுத்தியலைக் குடுக்காதீங்க" என்று பயப்படுகிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் பையனின் ஆசையைப் பார்த்தால் மனம் கேட்கவில்லை.
(ஒரு தாத்தா)

பதில்: ஐயா, உங்கள் கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது. மகள் சொல்வது சரி, உங்கள் மனம் சொல்வதும் சரி. இரண்டுக்கும் இடமிருக்கிறது.

முதலில் சுத்தியல் வேண்டாம், அவனுக்கு ரசமட்டத்தைக் கொடுங்கள். தட்டு மாட்டும்போது அதன்மேல் வைத்து, குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று அவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு முனையை நீங்கள் மெல்ல உயர்த்துங்கள், குமிழி நகர்ந்து வரும், "நிறுத்துங்க தாத்தா" என்பான். அந்த வயதுப் பிள்ளைக்கு, தான் சொன்னதைக் கேட்டு ஒரு பெரியவர் கையை நிறுத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவன் முகத்திலேயே பார்ப்பீர்கள். இது விளையாட்டுக்காகக் கொடுக்கும் வேலையும் இல்லை, தட்டு நேராக நிற்க அந்தக் குமிழி உண்மையிலேயே வேண்டும்.

அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடிப்பது, அளந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைப்பது, ஆணி, திருகாணி எல்லாவற்றையும் நீளம் பார்த்துப் பிரித்துப் பழைய ஜாம் பாட்டில்களில் போடுவது, சின்ன மரத்துண்டை உப்புத்தாளால் தேய்த்து விரலால் தடவிப் பார்ப்பது, இதெல்லாம் அவன் வேலை. கடைசியில் பாருங்கள், எண்ணிக்கையும் அளவும் பாலர் பள்ளியில் சொல்லிக் கொடுப்பதைவிட வேகமாக வந்திருக்கும். தமிழும் வரும். குறடு, திருப்புளி, ரம்பம், தூக்குக்குண்டு என்று கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சொல்லும் சொற்கள் அவனுக்குப் புத்தகத்தில் கிடைக்காது. நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லாமல் தமிழிலேயே சொல்லிக்கொண்டே வேலை செய்யுங்கள், இதை ஒரு வேண்டுகோளாகவே கேட்கிறேன்.

சுத்தியலுக்கு வருவோம். கனமில்லாத சின்னச் சுத்தியல் ஒன்று, மென்மையான மரத்துண்டு ஒன்று. ஆணி இறங்கும் இடத்தில் நீங்களே முதலில் சிறு துளை போட்டு வையுங்கள். அவன் ஆணியை விரலால் பிடிக்க வேண்டாம், துணி காயப்போடும் கிளிப்பால் பிடிக்கட்டும், அடி தவறினால் கிளிப்பில்தான் விழும். கண்ணாடி கட்டாயம் போட வேண்டும், அவனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும், நீங்கள் போடாவிட்டால் அவன் போட மாட்டான். மரத்துண்டைத் தரையில் துணி விரித்து அதன்மேல் வையுங்கள், கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் குறையும். டிரில், ரம்பம், வெட்டும் கத்தி மூன்றுக்கும் இப்போதைக்கு அனுமதி இல்லை, இதில் பேச்சுக்கே இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் அவனே எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கட்டும், பூட்டுச் சாவி உங்களிடம்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒருமுறை மகளை உட்காரவைத்து, கிளிப் பிடிப்பது வரை செய்து காட்டிவிடுங்கள். அவர் பயம் கருவியைப் பார்த்து வந்தது, நீங்கள் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்பதைக் கண்ணால் பார்த்தால் குறையும். வீட்டில் 3 வயதுக்குக் கீழ் இன்னொரு பிள்ளை இருந்தால் திருகாணி பாட்டில்களை அது தூங்கும் நேரத்தில் மட்டும் திறங்கள். லேசர் அளவி போன்ற கருவிகளில் பொத்தான் மாதிரியான சின்ன மின்கலம் இருந்தால் அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை அதை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே தொண்டையையும் உணவுக்குழாயையும் அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கேள்வி: பிள்ளைகள் தூங்கிய பிறகு 9 மணிக்குமேல்தான் எங்களுக்கு நேரம் கிடைக்கிறது. அப்போது டிரில் போட்டால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுகிறார். நாங்கள் எப்போதுதான் வேலை செய்வது?
(தெம்பனிஸ் தம்பதி)

பதில்: ஆன்ட்டி பக்கம்தான் நான் நிற்பேன். அவர் வீட்டிலும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். குத்தகையாளர்களுக்கே வீவக நேரம் வகுத்திருக்கிறது: பொதுவான புதுப்பிப்பு வேலை திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை, உடைப்பது, ஓடு வெட்டுவது போன்ற பெருஞ்சத்த வேலைகள் வாரநாளில் மட்டும் 9 முதல் 5 வரை, ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. ஆள் வைக்காமல் நீங்களே ஒரு தட்டு மாட்டினாலும் சத்தம் ஒன்றுதான். துளை போடும் வேலைகளை ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். இந்த அறையில் நான்கு, அந்த அறையில் இரண்டு என்று பென்சிலால் குறித்துவிட்டு ஒரு பகல் நேரத்தில் எல்லாத் துளைகளையும் போட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முந்தைய நாள் ஆன்ட்டியிடம் போய் நேரத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள், முறுக்கோ அதிரசமோ கொஞ்சம் கையில் இருந்தால் இன்னும் நல்லது. இரவு நேரத்துக்கு அளப்பது, குறிப்பது, டேப் ஒட்டுவது, கையால் திருகுவது, உப்புத்தாள் போடுவது என்று சத்தமில்லாத வேலை நிறைய இருக்கிறது.

கேள்வி: மகளின் முதல் வருடப் புகைப்பட ஆல்பம், பாதி தைத்த திரைச்சீலை, பெயிண்ட் அடிக்க வாங்கிய பழைய நாற்காலி, பின்னத் தொடங்கிய போர்வை. மகளுக்கு 3 வயதாகிவிட்டது, ஒன்றும் முடியவில்லை. அலமாரியைத் திறந்தாலே அழுகை வருகிறது. வேலைக்கும் போகிறேன். எதிலிருந்து தொடங்குவது?
(ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: ஆல்பத்திலிருந்து. மற்ற எதையும் கடையில் வாங்கலாம், அதை வாங்க முடியாது. ஆனால் முதலில் நினைத்த அளவில் வேண்டாம், மாதத்துக்கு இரண்டு படம் என்று 24 படங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே தேர்ந்தெடுக்கலாம், அவளுக்கும் அது கொண்டாட்டமாக இருக்கும். கடையில் அச்சடித்து வாங்கி ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதுங்கள். அலங்காரம், ரிப்பன் எதுவும் தேவையில்லை.

திரைச்சீலையை லிட்டில் இந்தியாவில் தையல்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், நேராகத் தைக்கும் வேலைதான். இழுக்கும் கயிறு உள்ள திரை என்றால் அந்தக் கயிறு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சின்னப் பிள்ளையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. போர்வையைப் பின்னுவது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கெடு எதுவும் வேண்டாம். பிடிக்காது, தொடங்கிவிட்டோமே என்பதற்காக மட்டும்தான் என்றால் நூலைப் பின்னத் தெரிந்த யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

நாற்காலியை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பழைய சாமான் கைமாறும் கரோசெல் இணையத்தளத்தில் இலவசம் என்று போட்டால் யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் நகர மன்றத்தை அழையுங்கள், பெரிய சாமான்களை வீட்டு வாசலிலிருந்து எடுத்துப்போகும் சேவை இருக்கிறது, மாதத்துக்கு இத்தனை சாமான் இலவசம் என்று கணக்கு உண்டு, முன்கூட்டியே தேதி வாங்க வேண்டும். ஆனால் அந்தத் தேதி வரும்வரை நாற்காலி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். தீ விபத்து நேரத்தில் ஆட்கள் வெளியேற, பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையில்லாமல் இருக்க வேண்டும்.